ராவாத பூ

மான் வேட்டை தொடங்க இன்னும் இரண்டே நாள். மேற்கு வர்ஜீனியாவின் அந்த மலைச்சரிவெங்கும் ஆட்கள் சுட்டுப் பழகிக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு வெடிச் சத்தத்துக்கும் அர்லீன் ஜன்னலைப் பார்த்தாள். துப்பாக்கியை விலைக்கு வாங்க வந்திருந்த வெர்லினுக்கு அதெல்லாம் காதில் விழவில்லை. பழைய ராணுவத் துப்பாக்கியைக் கண்டால் பசி மறந்துபோகும் மனிதர் அவர். அவள் வைத்த பெப்பரோனி ரொட்டி தட்டிலேயே ஆறியது.

மேஜைமேல் கிடந்தது ஜப்பான் துப்பாக்கி. போன மாதம் இறந்த அவள் அப்பா ஹோமர் பசிபிக் போரிலிருந்து கொண்டுவந்து, சாகும்வரை பூட்டியே வைத்திருந்தது.

"சண்டை முடிஞ்சப்புறம், சரணடைஞ்சவங்க போட்ட குவியல்லேருந்து எடுத்தேன்னுதான் அப்பா சொல்வார். யாரையும் சுட்டதே இல்லையாம். ஊரே மான் வேட்டைக்குப் போற அன்னிக்கு, நிலவறையில ரேடியோவ அலறவிட்டுட்டு உக்காந்திருப்பார். 'உங்கப்பன் ஒரு முயலு'ன்னு பசங்க கேலி பண்ணி, என் தம்பி டென்சில் சண்டை போட்டு மூக்க உடைச்சுக்கிட்டான். அடக்கத்தன்னிக்கும் அவன் அதத்தான் பேசினான். எங்கப்பா ஒரு உயிரையும் எடுக்காதவருன்னு."

"பொறுங்க, பாத்துடறேன்," என்றார் வெர்லின்.

குண்டு ஏற்றும் போல்ட்டைப் பின்னுக்கு இழுத்து, உள்ளே குண்டில்லை என்று உறுதி செய்துகொண்டு, குழாய்க்குள் விளக்கடித்துப் பார்த்தார். துருவில்லை. பாகங்களில் பொறித்திருந்த எண்கள் எல்லாம் ஒத்துப்போயின. எல்லோரும் முதலில் பார்க்கும் இடத்தை அவர் எப்போதும் கடைசியில்தான் பார்ப்பார். போல்ட்டுக்குச் சற்று முன்னால், இரும்பின்மேல், ஜப்பான் பேரரசரின் முத்திரையான செவ்வந்திப் பூ பதினாறு இதழோடு முழுசாக இருந்தது.

ஜப்பானியர் சரணடைந்தபோது, பேரரசரின் முத்திரை எதிரி கைக்குப் போகக்கூடாதென்று, பெரும்பாலும் அந்தப் பூவை அரத்தால் ராவிவிட்டுத்தான் துப்பாக்கியைக் கொடுத்தார்கள். தப்பிய பூக்களும் உண்டுதான். ஆனால் இதன் மரக்கட்டையில், முன்னாலிருந்து வந்த குண்டொன்று உழுதுபோன தடமும் இருந்தது. குவியலில் கிடந்ததல்ல இது. ஒருவன் கையிலிருந்து விழுந்தது.

பூவை ராவிய துப்பாக்கிக்கு நூறு டாலர். அதைக் கொடுத்துவிட்டு வாயை மூடிக்கொண்டால் அவளுக்கு நிம்மதி, வெர்லினுக்குக் கொள்ளை லாபம். தன் பையை நிரப்பும் இரக்கம் என்ன இரக்கம் என்று தன்மேலேயே எரிச்சல் வந்தது.

"நல்லா வச்சிருக்கார். இருநூத்தம்பது தரேன்," என்றார்.

அர்லீன் அந்தப் பூவைப் பார்க்காமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"கடைக்காரன்கிட்ட போன்ல கேட்டேன். பூவ ராவியிருந்தா நூறு, ராவலன்னா இருநூத்தம்பதுன்னான். நீங்களே பாருங்கன்னான். எனக்குத் தைரியம் வரல."

"சிலது அப்படியே தப்பிச்சிருக்கும்மா..."

"விடுங்க, உங்களுக்குப் பொய் சொல்ல வராது." அவள் அப்போதுதான் துப்பாக்கியைத் தொட்டாள். "பாவி மனுஷன், அத்தன வருஷமும் வெடிச் சத்தம் காதுல விழாம இருக்க நிலவறையில தனியா உக்காந்திருந்தாரே. நாங்க அவமானப்பட்டுக்கிட்டு எட்டிக்கூடப் பாக்கல."

அவர் நீட்டிய நோட்டுகளில் நூறை மட்டும் எடுத்துக்கொண்டு மீதியைத் தள்ளினாள்.

"இது நியாயமில்லம்மா," என்றார் வெர்லின்.

"எவ்வளவுக்குப் போச்சுன்னு டென்சில் கேப்பான். அவனும் கடைக்காரன்கிட்ட விசாரிச்சிருக்கான், நூறுன்னா பூவ ராவினதுன்னு அவனுக்குத் தெரியும். ரசீதுல நூறுன்னு எழுதிக் கையெழுத்துப் போடுங்க."

வெர்லின் எழுதினார். முப்பது வருடத்தில் இவ்வளவு மலிவாக அவர் எதையும் வாங்கியதில்லை. யாரிடமும் சொல்லிக்கொள்ளவும் முடியாது.