பெரிய ற

திரைக்குப் பின்னால் நிற்பது யார் என்று யாருக்கும் தெரியக் கூடாது. அதுதான் விதி. அந்த விதியை எழுதித் தட்டச்சு செய்து சுவரில் ஒட்டியவள் குறிப்பு.

குறிப்பு என்பது குழுவில் ஆர்மோனியப் பெட்டி வாசிக்கும் பெட்டிக்காரர் வைத்த பட்டப்பெயர். யார் என்ன சொன்னாலும் நோட்டைத் திறந்து எழுதிக்கொள்வாள் என்பதால் வைத்தார். ஒரே வாரத்தில் குழு முழுக்க அது ஒட்டிக்கொண்டது. பகலில் அவளுக்கு ஜெராக்ஸ் கடையில் வேலை. மாலையிலும் ஞாயிற்றுக்கிழமையிலும் நாடகக் குழுவில் பிரதி பார்ப்பது, ஒத்திகை நேரம் குறிப்பது. ஒரு வேலையை முடித்த பிறகு சரியாகச் செய்தோமா என்று மூன்று தரம் திரும்பிப் பார்க்காவிட்டால் அவளுக்குச் சோறு இறங்காது.

இருபத்தைந்து வருடங்களுக்கு முன்பு குழு நூற்றுப் பன்னிரண்டு தடவை மேடையேற்றிய இசை நாடகம் ‘அக்கரை விளக்கு’. அதை மறுபடி போடப்போகிறார்கள். ஊரைவிட்டுப் போனவனுக்காக ஆற்றின் அந்தப் பக்கத்தில் தினமும் விளக்கேற்றி வைக்கும் ஓடக்காரி ஒருத்தி; பல வருடம் கழித்து வந்து இந்தப் பக்கம் நின்றுகொண்டு, கடக்கத் தயங்கும் வழிப்போக்கன் ஒருவன். நாடகமே அந்த இரண்டு பேர்தான். வழிப்போக்கன் காலையிலேயே முடிவாகிவிட்டான். பள்ளிக்கூட டிரில் மாஸ்டர். அவர் தொண்டையைத் திறந்ததும் மற்ற நான்கு ஆண்களும் தாங்களாகவே பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்கள்.

ஓடக்காரிதான் பாக்கி. பதினான்கு பெண்கள் வந்திருந்தார்கள்.

போன நாடகத்தில் கதாநாயகி வேடம் செயலாளரின் கொழுந்தியாளுக்குப் போய், பாதிக் குழு முறுக்கிக்கொண்டு வெளியேறிவிட்டது. அதனால்தான் இந்தத் திரை. பின்வாசலில் வாட்ச்மேனிடம் எண் சீட்டு எடுத்துக்கொண்டு, திரைக்கு அந்தப் பக்கம் நின்று பாட வேண்டும். இயக்குநரும் பெட்டிக்காரரும் ஆளுக்கு ஐம்பதுக்கு மதிப்பெண் போடுவார்கள். சமமாக வந்தால் மூன்றாவது ஓட்டு குறிப்புக்கு. தெரிந்த குரல் என்று பட்டால், பட்ட உடனே கையைத் தூக்கிவிட்டு விலகிக்கொள்ள வேண்டும்.

“குறிப்பு, நான் தும்முனதையும் எழுதிட்டியா?” என்றார் பெட்டிக்காரர், ஆர்மோனியத்தின் துருத்தியைத் தட்டிவிட்டபடி.

“எத்தனை தும்மல்னு மட்டும் சொல்லுங்கண்ணே.”

“வாய் பாரு இதுக்கு! தம்பி, கூப்பிடுங்க அடுத்த ஆளை.”

இயக்குநருக்கு முப்பத்தைந்து வயதுதான் இருக்கும். பழைய நாடகத்தைப் பார்த்தவரில்லை. அதில் ஓடக்காரியாக நடித்தவர் காலமாகிவிட்டார். பாட்டெழுதியவரும் போய்ச் சேர்ந்துவிட்டார். மிஞ்சியது ஒரு கையெழுத்து நோட்டு மட்டும். அதிலிருந்துதான் தேர்வுக்கான பாட்டைக் குறிப்பு தட்டச்சு செய்து, பதினான்கு பிரதி எடுத்து, வருகிறவர்கள் வாங்கிக்கொள்ள ஒரு வாரம் முன்பே வாட்ச்மேனிடம் கொடுத்து வைத்திருந்தாள்.

*அக்கரை உனக்கிருந்தால் அக்கரைக்கு வா,*
*ஆற்றைக் கேட்காதே, என்னைக் கேட்டு வா.*

ஏழாம் எண் பாடியபோது இயக்குநர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். இளங்குரல். ஏறும் இடத்தில் எல்லாம் சிரமமே இல்லாமல் ஏறியது. அவர் நாற்பத்து நான்கு போட்டார், பெட்டிக்காரர் நாற்பது. “அழகா இருக்கு. ஆனா பொண்ணுக்கு யாரைக் கூப்பிடுறோம்னு தெரியலை” என்று முணுமுணுத்தார் பெட்டிக்காரர். குறிப்பு அதையும் எழுதிக்கொண்டாள்.

பதினொன்றாம் எண் வந்து நின்றது. பெட்டி சுருதி பிடித்தது. முதலில் ஒரு ‘ம்’. உதடு மூடியபடி, மூக்கு வழியாக, யாருக்கும் கேட்கக் கூடாது என்பது போன்ற ஒரு ‘ம்’. அப்புறம்தான் வாய் திறந்தது.

குறிப்பின் பேனா நின்றுவிட்டது.

அம்மா தையல்காரி. வாய் நிறையக் குண்டூசிகளைக் கவ்விக்கொண்டு, அவற்றின் இடுக்கில் முனகிக்கொண்டேதான் தைப்பாள். யாராவது அறைக்குள் காலடி வைத்தால் முனகல் நின்றுவிடும். ‘அக்கரை விளக்கு’ போட்ட காலத்திலிருந்தே குழுவுக்கு உடை தைப்பவள் அவள்தான். நூற்றுப் பன்னிரண்டு நாளும் மேடை ஓரத்தில் ஊசியும் நூலுமாக நின்றவள். இன்று காலையில்கூட, “ஜிப்பும் பட்டனும் வாங்கப் போறேன்டி, வர சாயங்காலம் ஆகும்” என்று சொல்லிவிட்டுத்தான் கிளம்பினாள். நல்ல சேலை கட்டிக்கொண்டு ஜிப் வாங்கப் போகிறாளே என்று அப்போது தோன்றியிருக்க வேண்டும்.

கையைத் தூக்க வேண்டும். குறிப்பு தூக்கவில்லை. இருபத்து மூன்று வருடத்தில் அம்மா முழு வாய் திறந்து பாடி அவள் கேட்டதே இல்லை. இந்த ஒரு வரி முடியட்டும் என்று நினைத்தாள்.

அந்த வரியில்தான் அவளுக்கு இரண்டாவது அடி விழுந்தது.

முதல் சொல்லில் அம்மாவின் நாக்கு அழுந்தி உருண்டது. இரண்டாவது சொல்லில் லேசாகத் தட்டிவிட்டு இறங்கியது. *அக்கறை* உனக்கிருந்தால் *அக்கரைக்கு* வா. முதலில் வருவது பெரிய ற. இரண்டாவது சின்ன ர.

குறிப்புக்கு நினைவு வந்தது. பழைய நோட்டில் அப்படித்தான் இருந்தது. முதல் சொல்லில் பெரிய ற இருந்ததைத் தட்டச்சு செய்யும்போது பார்த்தாள். நாடகத்தின் பெயரே அக்கரை. எழுதியவர் அவசரத்தில் எழுத்துப் பிழை விட்டிருப்பார் என்று மூன்று தரம் யோசித்து, மூன்று தரமும் அப்படியே தோன்றி, இரண்டையும் ஒன்றாக ‘திருத்தி’விட்டாள். பதினான்கு பேருக்கும் போனது அந்தத் தாள்தான். பன்னிரண்டு பேர் பொருள் புரியாமல் பாடினார்கள், பாடப்போகிறார்கள். ஏழாம் எண் பொருள் புரியாமல் அழகாகப் பாடியது. அம்மா தாளையே பார்க்கவில்லை போலிருக்கிறது.

பதினான்கும் முடிந்தபோது இயக்குநர் கூட்டிப் பார்த்தார். ஏழு, எண்பத்து நான்கு. பதினொன்று, அவர் முப்பத்தொன்பது, பெட்டிக்காரர் நாற்பத்தைந்து. அதுவும் எண்பத்து நான்கு. அடுத்து வந்தவருக்கு எழுபதுகூட இல்லை.

“தம்பி, பதினொன்னுக்கு ஏன் கையைச் சுருக்கிட்டீங்க? கேட்டதும் எனக்கு ரோமம் நட்டுக்கிச்சு.”

“குரல் நல்லாத்தான் இருக்குண்ணே. ஆனா தாள்ல ஒரே சொல்லு ரெண்டு தரம் வருது. ஒண்ணை உருட்டுறாங்க, இன்னொண்ணை விட்டுடுறாங்க. அதுக்கு அஞ்சு மார்க் குறைச்சேன்.” இயக்குநர் திரும்பினார். “சரி, சமமாப் போச்சு. மூணாவது ஓட்டு உன்னோடது. சொல்லு, குறிப்பு.”

ஒரு சொல் போதும். பதினொன்று என்று சொல்லிவிட்டு நோட்டை மூடினால் போதும், அம்மா ஓடக்காரி. யாருக்கும் எதுவும் தெரியப்போவதில்லை. பின்னால் தெரிந்தாலும், அடையாளம் தெரியவில்லை என்று சத்தியம் பண்ணலாம். குறிப்பு சுவரில் ஒட்டியிருந்த தன் தாளைப் பார்த்தாள். அதில் ஒரு எழுத்துப் பிழையும் இல்லை.

“நான் ஓட்டுப் போடக் கூடாது, சார். பதினொன்னு எங்கம்மா.”

பெட்டிக்காரரின் கை துருத்தியிலேயே நின்றது. “யாரு, நம்ம டெய்லரம்மாவா?”

“எப்பத் தெரிஞ்சுது?” என்றார் இயக்குநர்.

“பாட ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே. அப்பவே கை தூக்கியிருக்கணும். தூக்கலை.” அவள் எழுந்து நின்றாள். “இன்னொண்ணும் இருக்கு. தாள் தப்பு. பழைய நோட்டுல முதல் சொல்லுக்குப் பெரிய ற. நான்தான் மாத்திட்டேன். அம்மா பாடினதுதான் சரி.”

நோட்டைக் கொண்டுவந்து விரித்தாள். இயக்குநர் அந்த வரியைச் சத்தமில்லாமல் உதட்டசைத்துப் படித்தார். மறுபடி படித்தார். முகம் சிவந்தது.

“ஒரு வாரமா இந்த வரிக்கு என்ன அர்த்தம்னு மண்டையை உடைச்சிட்டிருக்கேன்! ஏதோ தத்துவமா இருக்கும், கேட்டா இதுகூடப் புரியலையான்னு நினைப்பாங்கன்னு கேக்காம இருந்தேன்.” பேனாவை எடுத்தார். “சரி. பாடினவங்க தப்பில்லைன்னா நான் குறைச்சதுதான் தப்பு. அஞ்சையும் திருப்பிக் கொடுக்கணும். எண்பத்தொன்பது. உன் ஓட்டே வேண்டாம். பதினொன்னுதான்.”

“அப்படிப் போடுங்க!” என்றார் பெட்டிக்காரர்.

குறிப்பு நோட்டைத் திறந்தாள். பதினொன்று என்று எழுத வேண்டியதுதான். பேனா தாளைத் தொட்டது, நகரவில்லை. திரைக்குப் பின்னால் யாரோ நாற்காலியை இழுத்தார்கள். யாரோ சன்னமாகச் சிரித்தார்கள். இளங்குரல்.

“சார், ஏழுக்கும் சரியான தாளைக் கொடுக்கணும்.”

“என்னது?”

“எங்கம்மாவுக்கு வரி முன்னாடியே தெரியும். அந்தப் பொண்ணுக்கு நான் கொடுத்த தப்புதான் தெரியும்.”

பெட்டிக்காரர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். “ஏம்மா, உனக்கு உங்கம்மா மேல என்ன கோபம்?”

குறிப்பு பழைய நோட்டை இயக்குநர் பக்கம் நகர்த்தினாள். அழுதுவிடுவோமோ என்று பயமாக இருந்தது. இயக்குநர் அந்த வரியை இன்னொரு தரம் படித்தார். கடைசியில், “ரெண்டு பேரும் மறுபடி பாடட்டும். எண் வேண்டாம். முதல் ஆள் யாருன்னு வாட்ச்மேன் சீட்டுக் குலுக்கி அனுப்பட்டும். நீ வெளியே இரு” என்றார்.

திருத்திய வரியைத் தன் கையாலேயே எழுதி வாட்ச்மேனிடம் கொடுத்துவிட்டுக் குறிப்பு முன்வாசல் படியில் போய் உட்கார்ந்தாள். கதவு மூடியிருந்தாலும் பாட்டு கேட்டது.

முதல் குரலில் அந்த ‘ம்’ இருந்தது. அம்மா முன்பு பாடியது போலவே பாடினாள், ஒரு இம்மி பிசகாமல். ஏறும் இடத்தில் மட்டும் குரல் நூலாகிப்போனது. அறுந்துவிடவில்லை.

இரண்டாவது குரல் உடனே தொடங்கவில்லை. பெட்டி ஒரு சுற்று வாசித்து முடித்த பிறகும் மௌனம். தாளைப் படிக்கிறாள் என்று குறிப்புக்குப் புரிந்தது. அப்புறம் வந்தது வரி. *அக்கறை உனக்கிருந்தால்* என்ற இடத்தில் அந்தப் பெண் நின்றாள். மதியம் இருந்த மினுக்கு ஒன்றும் இல்லை. உனக்கு இருக்கிறதா என்று எதிரில் நிற்கும் ஒருவனைக் கேட்டாள். கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல், கோபத்தோடு, *அக்கரைக்கு வா* என்று ஏறினாள். தெருவில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போன ஒருவர் நின்று திரும்பிப் பார்த்துவிட்டுப் போனார்.

குறிப்பு மடியில் இருந்த நோட்டைத் திறந்தாள். யாரும் கேட்காத தன் ஓட்டை ஓரத்தில் சின்னதாக எழுதினாள். எழுதியதை மூன்று தரம் பார்த்தாள். மாற்றவில்லை.

கதவு திறந்தது. பெட்டிக்காரர் அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். “ரெண்டாவது குரல். நானும் அதுக்குத்தான் போட்டேன்மா. மன்னிச்சிடு.”

பஸ்ஸில் இருவருக்கும் பக்கத்துப் பக்கத்து இருக்கை. அம்மாவின் மடியில் துணிப்பை. ஒரு கடையிலும் ஏறி இறங்காத, காலியான பை.

“எப்படிக் கண்டுபிடிச்ச?”

“ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி ‘ம்’ங்கிற.”

“அந்தப் பழக்கத்தை விடவே முடியல.” அம்மா ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். “வாட்ச்மேன் சொன்னாரு. முதல்ல நான்தான் ஜெயிச்சிருந்தேனாமே. நீதான் மறுபடி பாடச் சொன்னியாமே.”

“ஆமாம்மா.”

இரண்டு நிறுத்தம் போயிற்று. ஆட்கள் ஏறினார்கள், இறங்கினார்கள்.

“நீ விலகிட்டேன்னு சொன்னாங்க, சரி. விலகாம இருந்திருந்தா யாருக்குடி போட்டிருப்ப?”

பொய் சொல்ல நல்ல இடம் அதுதான். அம்மாவும் அதைத்தான் எதிர்பார்க்கிறாளோ என்றுகூடத் தோன்றியது. குறிப்பு கைப்பிடிக் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

“ரெண்டாவதுக்கு.”

“ம்” என்றாள் அம்மா.

வீடு வரைக்கும் அவ்வளவுதான். அம்மா சேலை மாற்றவில்லை. நேரே தையல் மெஷினில் போய் உட்கார்ந்தாள். குறிப்பு முகம் கழுவிக்கொண்டு வந்தபோது உள்ளே மெஷின் ஓடும் சத்தமும், அதற்கு மேலே அந்த வரியின் முனகலும் கேட்டன. கதவருகில் வந்ததும் வழக்கம்போல நின்றுவிடும் என்று நினைத்தாள். தயங்கித்தான் உள்ளே காலை வைத்தாள்.

நிற்கவில்லை. அம்மா வாயிலிருந்த குண்டூசிகளை எடுத்து ஊசி குத்தும் பஞ்சு மெத்தையில் ஒவ்வொன்றாகக் குத்தினாள். குத்திக்கொண்டே, மகள் முகத்தைப் பார்த்துக்கொண்டே, வரியை ஏறும் இடம் வரை பாடினாள். அங்கே குரல் மறுபடி நூலாயிற்று. அதையும் மறைக்காமல் பாடி முடித்தாள்.

“மரம் மாதிரி நிக்காத. அந்த இஞ்ச் டேப்பை எடுத்துப் பையில போடு” என்றாள். “நாளைக்கு அந்தப் பொண்ணுக்கு அளவு எடுக்கணும்.”