ஐயாயிரம் வாலா பரிசோதனை

மருத்துவ உலகம் எழுந்து நின்று கேட்க வேண்டிய செய்தி இது. விருதுநகருக்கும் சிவகாசிக்கும் நடுவே ஒரு கல்யாண மண்டபத்து வாசலில், செவ்வாய்க்கிழமை காலை பதினொன்று இருபதுக்கு, பிறவியிலேயே காது கேளாத நான்கு வயதுச் சிறுமிக்குக் காது கேட்டுவிட்டது. மருந்து இல்லை, ஊசி இல்லை. ஒரே ஒரு ஐயாயிரம் வாலா சரவெடி போதுமானதாக இருந்தது.

அந்த அற்புதத்தை நம்பாத ஒரே ஆள் வேல்விழி. மாற்றுத்திறன் குழந்தைகளின் பெற்றோரை மேசை மேசையாக அழைத்துப்போய்ச் சான்றிதழ் வாங்கிக் கொடுப்பது அவள் வேலை. பெயர் சிறப்பாசிரியர், சம்பளத்தில் ஒரு சிறப்பும் கிடையாது. அன்றைக்கு அவள் அழைத்து வந்திருந்தது ஆமத்தூர் முருகம்மாளையும் அவள் மகள் ஓவியாவையும். காது கேளாதோர் பள்ளியில் ஓவியாவுக்கு ஓர் இடம் இருந்தது. மண்டபத்தில் நடந்த மருத்துவ முகாமில் சான்றிதழ் கிடைத்தால்தான் அது அவளுக்கு. அடுத்த முகாம் அடுத்த வருசம்.

ஒன்பது மணி முகாமுக்குச் சிறப்பு விருந்தினர் பட்டாசு முதலாளி நவநீதகிருஷ்ணன் பதினொன்று இருபதுக்கு வந்தார். குத்துவிளக்கை அவர் ஏற்றாமல் டாக்டர்கள் உட்காரக் கூடாதாம். அவரை வரவேற்க வெடி போட்டார்கள். சத்தம் கேட்டாலே அலறுகிற பிள்ளைகள் நாற்பது பேர் கூடிய இடத்தில் வெடியா என்று யாருக்கும் தோன்றவில்லை. வாலா வெடித்தது. கூட்டம் மொத்தமும் துள்ளித் திரும்பியது. ஓவியாவும் திரும்பினாள். சால்வையோடு காத்து நின்ற காது டாக்டர் பிரபாகரன் அதைப் பார்த்துவிட்டார்.

"பாப்பா திரும்புச்சே" என்றார், மேசைக்கு வந்ததும்.

"எல்லாரும் திரும்புனாக, அதைப் பாத்துத் திரும்புனா சார். மதுரை ஆஸ்பத்திரியில மிஷின் வச்சுப் பாத்த ரிப்போர்ட் இந்தக் கவருக்குள்ள இருக்கு. ரெண்டு காதும் சுத்தமா கேக்கலன்னு போட்டிருக்கு."

"எனக்கே சொல்லித் தர்றீங்களா டீச்சர்?"

"பிரிச்சுப் பாத்தீகன்னா நான் எதுக்கு சார் சொல்லித் தரப்போறேன்."

பிரபாகரன் கவரைத் தொடவில்லை. பின்னாலிருந்து நவநீதகிருஷ்ணன் சிரித்தார். "மிஷினு எவன் செஞ்சதோ. வெடி நம்ம கம்பெனி வெடி டாக்டர். பொய் சொல்லாது."

வேல்விழிக்குச் சுர்ரென்று ஏறியது. "அப்ப இன்னொண்ணு போடுங்க அண்ணாச்சி. பிள்ளை செவத்தப் பாத்து நிக்கட்டும். திரும்புறாளா பாப்போம்."

இந்தப் பக்கத்து முதலாளியிடம் இன்னொரு வெடியை யாரும் இரண்டு முறை கேட்க வேண்டியதில்லை. "ஏலே காளிராஜ், டிக்கில அணுகுண்டு கெடக்கும் பாரு" என்றார். டிரைவர் ஓடினான்.

ஓவியாவை வாசல் சுவரைப் பார்த்து நிறுத்தினார்கள். அம்மா கையைப் பிடித்தால்தான் நிற்பேன் என்று கால்களை உதறினாள். முருகம்மாள் பிடித்துக்கொண்டாள்.

முருகம்மாளுக்குப் பட்டாசு ஆலையில் திரி அடுக்கும் வேலை. மூன்று வருசத்துக்கு முன் அவள் இருந்த அறைக்குப் பக்கத்து அறை வெடித்துப் போனது. அதற்குப் பிறகு கதவு அடித்துச் சாத்தினாலும் அவளுக்கு உடம்பு மொத்தமும் தூக்கிப்போடும். வேல்விழிக்கு இது தெரியும். திரியில் நெருப்பு ஏறிய பிறகுதான் நினைவுக்கு வந்தது.

வெடித்தது. முருகம்மாள் ஓரடி குதித்தாள். கை வெடுக்கென்று இழுபட்ட ஓவியா திரும்பி அம்மாவின் முகத்தைப் பார்த்தாள்.

கூட்டம் கை தட்டியது.

"அந்தக்கா குலுங்குனதுல திரும்புனா சார். கையை விட்டுட்டு ஒரு தடவை—"

"இது என்ன பொங்கலா டீச்சர், போட்டுக்கிட்டே இருக்க? நீங்க கேட்ட டெஸ்ட்டு. நீங்க கேட்டபடியே நடந்துச்சு." பிரபாகரன் எழுதினார்: கேட்கும் திறன் இயல்பு. சான்றிதழுக்குத் தகுதி இல்லை. முத்திரை மட்டும் அழுத்தமாக விழுந்தது.

முருகம்மாள் தாளை வாங்கி மடித்தாள். "நானே ஒரு வெடிக்குச் செத்துப் பொழைக்கிறவ. நீங்க எதுக்கு டீச்சர் இன்னொண்ணு கேட்டீக?"

"அடுத்த வருசம்..." என்று ஆரம்பித்தாள் வேல்விழி.

"அடுத்த வருசமும் இவுகதான வருவாக" என்றாள் முருகம்மாள்.

அதற்குள் ஓவியாவை மேடைக்குத் தூக்கிப்போய்விட்டார்கள். நவநீதகிருஷ்ணன் அவள் தலையில் கை வைத்துப் படம் எடுத்துக்கொண்டார். நம் மண்ணின் தொழில் ஊமையையும் பேச வைக்கும் என்று மைக்கில் தொடங்கி, தாத்தா காலத்துக் கம்பெனி வரலாற்றுக்குப் போய், நாற்பது நிமிடம் முழங்கினார். கண்ணாடி ஜன்னல்கள் அதிர்ந்தன. முன்வரிசை காதைப் பொத்தியது. ஆள் உயர ஒலிபெருக்கிப் பெட்டியில் கன்னத்தைச் சாய்த்தபடி ஓவியா நன்றாகத் தூங்கினாள்.

அவளுக்குக் காது கேட்காது.