கண் மட்டும் தெரிந்தவன்

நாங்கள் புலம்பெயர்ந்து வந்த நோர்பரி வீட்டில் ஞாயிறு மத்தியானம் என்றால் என் கணவர் கமலநாதனுக்குக் கறுப்பு வெள்ளை அமெரிக்கக் குற்றப் படம்தான். எல்லாவற்றிலும் ஒரே நடிகன். சிரிக்கவே மாட்டான்.

"கண்ணாலயே நடிக்கிறான், பாரும்" என்று மெச்சுவார். எனக்கு எரிச்சல் வரும்.

அன்றைக்கு அந்த நடிகன் பொலிஸ் காருக்குள் இருந்தபடி, வரிசையில் நின்ற கூட்டாளியைத் தலையாட்டிக் காட்டிக்கொடுத்தான்.

"என்ர அண்ணையையும் இப்பிடித்தானப்பா பிடிச்சவங்கள்" என்றேன். அவருக்கு இதை நான் சொன்னதே இல்லை. "ஊரையே கோயிலடியில வரிசையா விட்டாங்கள். ஆமி ஜீப்புக்குள்ள ஒருத்தன், முகத்தில சாக்கு. ஓட்டைக்குள்ளால கண் மட்டும் தெரிஞ்சது. அண்ணையைக் கண்டதும் தலையாட்டினான். அந்தக் கண்ணை இண்டைக்குக் கண்டாலும் அடையாளம் காட்டுவன்."

அவர் டிவியை நிறுத்தினார். இருண்ட திரையில் எங்கள் இருவரின் முகங்களும் தெரிந்தன.

அவர் கண்ணை மூடிக்கொண்டார்.