தொண்ணூற்றாறில் நிற்கும் காந்தாரம்

ஒரு பலகையின் மேல் நூற்றிருபது சென்ரிமீற்றர் நீளத்தில் ஒரே ஒரு கம்பி. அதன் கீழே, கம்பியைத் தாங்கியபடி நகர்த்தக்கூடிய ஒரு மரக்குதிரை. எண்களே உலகை ஆள்கின்றன என்று நம்பிய பைதகரஸின் சீடர்கள் இப்படியொரு பலகையில்தான் இசையை அளந்தார்களாம். ஓகூஸ் பல்கலைக்கழகத்தில் அறிவியல் வரலாற்றுப் பாடத்துக்காக நானும் நிருபனும் அதைச் செய்தோம். அறிக்கையில் ஒரே ஓர் அளவுதான் மீதி. நாளைக் காலை அவன் ஒரு வருடப் படிப்புக்காக ஏதென்ஸுக்குப் பறக்கிறான்.

"குதிரையை வையும்," என்றான்.

என் அறையில், கைபேசியில் சுருதி ஓடிக்கொண்டிருந்தது. கண்ணை மூடி, காந்தாரம் சுருதியோடு சேர்ந்த இடத்தில் நிறுத்தினேன்.

"தொண்ணூற்றாறு. திரும்பவும் பிழை. பைதகரஸ் ஆக்களின்ர கணக்குக்குத் தொண்ணூற்று நாலு தசம் எட்டு வரவேணும்."

"அங்க வைச்சா சுரம் நடுங்குது."

"ஏழு வயசில இருந்து ஹேர்னிங்கில பாட்டு வகுப்புக்குப் போன ஆளோட கூட்டுச் சேர்ந்தது என்ர பிழை."

"மாதா கோயில்ல கிற்றார் அடிக்கிற ஆளுக்கு இது விளங்காது."

"கிற்றார் உம்மை மாதிரி அடம்பிடிக்காது."

அடிமட்டத்தில் அளவு பார்த்துக் குதிரையை வைத்தால் ஒரு நிமிட வேலை. வைத்தால் அறிக்கை முடியும், அவன் எழுந்து போவான்.

கோள்களும் சுற்றும்போது ஒலிக்கின்றன என்றார்கள் அந்தச் சீடர்கள். பிறந்ததிலிருந்தே கேட்பதால் அந்த ஒலி நமக்குத் தெரிவதில்லையாம். இரண்டு வருடமாக என் ஜன்னலுக்குக் கீழே அவனுடைய சைக்கிள் மணி. மேசையில் தட்டும் அவன் பேனை. நாளை அவை நின்ற பிறகுதான் எனக்குக் கேட்கத் தொடங்கும்.

"எட்டுத்தரம் அளந்திட்டம், சாரங்கி. வேணுமெண்டே செய்யிறீரோ?"

"ஓம்," என்றேன்.

வழக்கம்போல் கேலியாக ஒரு பகிடி வரும் என்று காத்திருந்தேன். அவனோ பென்சிலை எடுத்து, பலகையில் இரண்டு கோடுகள் போட்டான். ஒன்று கணக்கு சொன்ன இடத்தில், மற்றது என் காது சொன்ன இடத்தில். இடையில் ஒரு விரலகலம்.

"ரெண்டையும் அறிக்கையில எழுதுவம்," என்றான். பிறகு ஜக்கெற்றைப் போட்டுக்கொண்டே, "நான் வரும்வரைக்கும் அந்தக் கோட்டை அழிச்சுப்போடாதையும்."

"எந்தக் கோட்டை?"

அவன் படிகளில் இறங்கினான். கீழே மணி ஒருமுறை ஒலித்தது.

குதிரையை அவனுடைய கணக்குக் கோட்டுக்கு நகர்த்திக் கம்பியை மீட்டினேன். சுருதிக்குப் பக்கத்தில் காந்தாரம் சேராமல் நடுங்கிக்கொண்டே இருந்தது. முதல் தடவையாக அதை நான் திருத்தவில்லை.