கருவாட்டுப் பை மண்

என் சித்தப்பா பாலசிங்கத்தோடு நான் கதைத்து ஆறு வருடம். அதில் எனக்குத் துளி வருத்தமும் இல்லை. அப்பா செத்த மறுமாதமே எல்லைக் கட்டையைப் பிடுங்கி என் பக்கம் தள்ளி நட்டவர் அவர். அப்படிப்பட்டவர்தான் வெள்ளாங்குளத்தில் எங்கள் கமக்காரர் அமைப்பின் தலைவர். ஊர் எப்படி உருப்படும்?

இந்த வருடம் குளத்தில் பாதித் தண்ணீர்தான். கோடை விதைப்பான சிறுபோகத்தில் நாற்பது ஏக்கருக்கு மட்டும் விடலாம் என்று முடிவு. எந்தக் காணிக்கு என்பதை மண் பரிசோதனை சொல்லும். அவரவர் காணி மண்ணை அவரவரே வெட்டிக் கொடுக்க வேண்டும். உவர் ஏறிய காணிக்குத் தண்ணீர் இல்லை. போன சிறுபோகமும் என் மூன்று ஏக்கர் சும்மா கிடந்தது. இந்த முறையும் கிடந்தால் விதைநெல்லைத்தான் அவித்துத் தின்ன வேண்டும். பிறகு மழை வரும்போது காலபோகத்துக்கு எதை விதைப்பது?

கூட்டத்தில் விவசாயப் போதனாசிரியர் சுவேதினி பட்டியலை வாசித்தார். எல்லோரும் மூன்று மாத நெல், ஒரே கிழமையில் விதைப்பு, ஆவணியில் அறுவடைக்கு வெட்டு மெஷின் என்று நாள் குறித்தாயிற்று. கடைசியில் காணிகள். பாலசிங்கம், மண் நல்லது, தண்ணீர் உண்டு. தக்சிகா, உவர் கூட, தண்ணீர் இல்லை.

தக்சிகா நான்தான். எழும்பினேன்.

“தலைவர் என்ர மண்ணுக்குள்ள உப்பை அள்ளிப் போட்டிட்டார்!”

சித்தப்பா கதிரையில் நன்றாகச் சாய்ந்துகொண்டார்.

“விசர் முத்திப் போச்சு,” என்றார், என்னிடம் இல்லை, முகட்டைப் பார்த்து.

“அக்கா, மண் எடுத்தது ஆர்?” என்று சுவேதினி கேட்டார்.

“நான்தான். நீங்கள் சொன்ன மாதிரி அஞ்சு இடத்தில வெட்டி, கலந்து, குழியளையும் மூடிப்போட்டுத்தான் வந்தனான்.”

“எதுக்குள்ள போட்டுக் கொண்டு வந்தனீங்கள்?”

“ஒரு பைக்குள்ள.”

“என்ன பை?”

அரிப்புக் கடற்கரையிலிருந்து கருவாடு வாங்கி வந்த பை அது. உதறிவிட்டுத்தான் போட்டேன். கழுவவில்லை.

“கருவாட்டுப் பை,” என்றேன்.

மண்டபமே சிரித்தது. “ரெண்டு கத்தரிக்காயும் போட்டிருந்தாக் கறி வைச்சிருக்கலாம்,” என்றான் செயலாளர் கபிலன். சித்தப்பாவின் சிரிப்புத்தான் எல்லாவற்றுக்கும் மேலாகக் கேட்டது. எனக்குக் கண்ணீர் வந்தது. வெட்கத்தில் இல்லை, ஆத்திரத்தில். சரி, வெட்கத்திலும்தான்.

“திருப்பிப் பாருங்கோ மிஸ். இப்பவே வாங்கோ.”

“பட்டியல் முடிஞ்சுது,” என்றார் சித்தப்பா. அவசரமாகச் சொன்னார்.

“இன்னும் ஒருத்தரும் கையெழுத்து வைக்கேல்லை ஐயா,” என்று சுவேதினி தன் கருவிப் பையைத் தூக்கிக்கொண்டு வெளியே நடந்தார். கபிலன் பின்னால் போனான். சித்தப்பாவுக்கும் வராமல் இருக்க முடியவில்லை.

என் காணியில், சித்தப்பாவின் காணியோடு ஒட்டிய வரம்போரம், ஐந்து குழிகள் வாய் திறந்து கிடந்தன.

“இது என்ர இல்லை,” என்றேன். “நான் வெட்டினதெல்லாம் அங்கால, மூடிக் கிடக்கு.”

சுவேதினி அந்தக் குழிகளிலிருந்தே மண் எடுத்தார். போத்தலில் சுத்தமான தண்ணீர் விட்டுக் கலக்கி, உவர் அளக்கும் பேனை மாதிரியான கருவியை அதில் வைத்தார். உவர் இல்லை. அதில் வந்த எண்ணைப் பார்த்துவிட்டுப் பட்டியலை விரித்தார். சித்தப்பாவின் பெயருக்கு நேரே கிட்டத்தட்ட அதே எண் இருந்தது. வரம்பைத் தாண்டிப்போய் அவருடைய காணியில் மண் எடுத்துக் கலக்கினார். அந்த எண் என் கருவாட்டுப் பையையும் தோற்கடித்தது.

“வரம்பு தெரியாமல் வெட்டிப்போட்டன்,” என்றார் சித்தப்பா.

“ஓம், அப்பா செத்த மறுமாசமும் உங்களுக்கு வரம்பு தெரியேல்லைத்தானே!”

கபிலன் சிரிக்காமல் அவருடைய பெயரை வெட்டி என் பெயரை எழுதினான். எனக்கு இனித்தது. பொய் சொல்ல மாட்டேன், தேனாக இனித்தது.

சித்தப்பா சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு தன் வரம்பில் ஏறி நின்றார். ஆறு வருடத்தில் முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்தார்.

“தண்ணி உனக்குத்தான் பிள்ளை. ஆனா வாய்க்கால் என்ர காணிக்குள்ளாலதான் வருது.”

கபிலன் நிலத்தைப் பார்த்தான். சுவேதினி போத்தலை மூடிப் பைக்குள் வைத்தார். இனி இது என் பாடு என்று எனக்கு விளங்கிவிட்டது.

“வரட்டும்,” என்றேன். “தண்ணி திறக்கிற நாளில இருந்து வெட்டு முடியிற நாள்மட்டும் நான் உங்கட வரம்பிலதான் நிப்பன் சித்தப்பா. மண்வெட்டியோட.”

மூன்று மாத நெல் அது. அத்தனை நாளும் நான் ஒருத்திதான் நிற்க வேண்டும்.