தானத்துக்கு வந்த சூரை மீன்

பியசீலி அடுப்புக்கும் வாசலுக்குமாக நடந்துகொண்டேயிருந்தாள். புருசன் விமலதாச செத்து ஏழாம் நாள், இன்றைக்குத் தானம். பதினொரு மணிக்குள் பன்சலை விகாரையிலிருந்து ஏழு பிக்குமார் வந்துவிடுவார்கள். பன்னிரண்டு தாண்டினால் அவர்கள் ஒரு பருக்கையும் தொடமாட்டார்கள். பலாக்காய்க் கறி இறக்கியாயிற்று, பருப்பு கொதிக்கிறது. அவள் மனதுதான் ஓரிடத்தில் நிற்கவில்லை.

"அந்த நாய் திரும்பவும் வந்திட்டுது," என்றாள் தேங்காய் துருவிக்கொண்டிருந்த எமலின். செத்தவருக்கு அக்கா. "மூண்டாம் நாள்ல இருந்து படியை விட்டு அசையேல்ல. எனக்கெண்டா சந்தேகம்தான்."

"என்ன சந்தேகம் மச்சாள்?"

"என்ட தம்பிதான் எண்டு."

"அதுக்கு மூண்டு வயசாவது இருக்கும். அவர் செத்து ஏழு நாள். அதோட அது பெட்டை நாய்."

"நீ கணக்குப் பார். நான் அதுக்குச் சோறு வைக்கிறன்."

நாய்க் கதைக்குப் பதில் சொல்ல முடிந்தது. தனக்குச் சொல்ல முடியவில்லை. அவர் செத்த அன்று காலை மீன் வாங்க மறந்து வெறுங்கையோடு வந்த மனுசனிடம், "மீனில்லாம இந்த வாசலை மிதிக்க வேண்டாம்" என்று எரிந்து விழுந்திருந்தாள். அவர் மிதிக்கவில்லை. சந்தியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தார். ஆஸ்பத்திரி போய்ச் சேருமுன்னே த்ரீவீலரில் உயிர் போயிற்று. வாசலுக்குள் நாலு பேர் தூக்கிக்கொண்டுதான் வந்தார்கள்.

சாகிறவனின் கடைசி நினைவு எதுவோ, அடுத்த பிறப்பு அதன் வழிதான். அதற்காகத்தான் பக்கத்தில் இருப்பவர்கள் பிரித் சூத்திரம் ஓதுவதும், அவன் செய்த புண்ணியத்தைக் காதில் சொல்வதும். மனுசன் ஆத்திரத்தோடு போயிருந்தால்? அவள் வாயால் வந்த ஆத்திரத்தைச் சுமந்துகொண்டு பாம்பாய்ப் பிறந்து எந்தப் புற்றுக்குள் சுருண்டு கிடக்கிறாரோ? த்ரீவீலரில் கூடப் போனவன் அவர் தம்பி ரத்னபால. இந்த ஏழு நாளும் அவள் கிட்டப் போனாலே அவனுக்கு வெளியில் ஏதாவது வேலை வந்துவிடும்.

இப்போது கூடத்தில் பிக்குமார் அமர வெள்ளைத்துணி விரித்துக்கொண்டிருந்தான். அவள் வழியை மறித்தாள்.

"தம்பி, ஓடாத."

"வெளியில துக்கக்கொடி ஒண்டு சரிஞ்சு கிடக்கு அண்ணி..."

"சரியட்டும். கடைசியா அவர் என்ன சொன்னவர்?"

"புத்தர்ட பேரைத்தான்..."

"ஹாமுதுருமார் இருக்கப்போற துணியைக் கையில வச்சுக்கொண்டு பொய் சொல்லாத."

ரத்னபால விரித்த துணியையே மறுபடி மடித்தான். "எனக்குப் பிரித் வரேல்ல அண்ணி. பௌர்ணமிப் போயாவுக்குப் போயா ஓதினது, பயத்தில ஒரு வரியும் வாயில வரேல்ல. பன்சலை அரசமரத்துக்கு வேலி போட்டுக் குடுத்தனியே, அதை நினை அண்ணா எண்டன். அவர் கேக்கேல்ல."

"பின்ன என்ன சொன்னவர்?"

"'மீன் சைக்கிள்ல தொங்குது, பூனை இழுக்கப்போகுது, பியசீலியிட்டக் குடு' எண்டார். அவ்வளவுதான். பூனையை நினைச்சுக்கொண்டு போனவன் எங்க போய்ப் பிறப்பான்? அதுதான் சொல்லேல்ல."

ஏழு நாளில் முதல்முறையாகப் பியசீலி தரையில் உட்கார்ந்தாள்.

"கோவமாச் சொன்னவரோ?"

"இல்ல. அவசரமா."

"அந்த மீன் எங்க?"

அவன் கால்விரலைப் பார்த்தான். "நல்ல சூரை, பழுதாப் போயிடும் எண்டு என்ட பெண்சாதி சமைச்சிட்டா."

"திண்டனீங்களோ?"

"உப்புக் கொஞ்சம் கூடிப்போச்சு."

"அட பாவி!" உள்ளேயிருந்து எமலின் கத்தினாள். "செத்தவன்ட கடைசி ஆசையையும் திண்டுட்டு உப்புக் கூடவாம்!"

சிரிப்பதா அறைவதா என்று பியசீலிக்குத் தெரியவில்லை. மணிக்கூட்டைப் பார்த்தாள். ஒன்பதே கால். "எடு அவர்ட சைக்கிளை. அதே கடை, அதே சூரை மீன். பத்துக்குள்ள வராட்டி இந்த வாசலை..." நாக்கைக் கடித்துக்கொண்டாள். "மெதுவாப் போயிட்டு வா தம்பி."

அவன் வரும்வரை பத்துத்தரம் படிக்கு வந்து பார்த்தாள். வந்ததும் துண்டுபோட்டு, புளிப்புக்குக் கொறுக்காயும் மிளகும் அரைத்துப் பூசிச் சட்டியை ஏற்றினாள். தண்ணீர் வற்றி முடியுமுன்னே வெளியே மேளம் கேட்டது. பிக்குமார் கால் கழுவி வந்து அமர்ந்தார்கள்.

மூத்தவர் பாத்திரத்தைக் கையால் மூடினார். "மீன் வேண்டாம் அம்மா."

இரண்டாமவரும் மூடினார். மூன்றாமவர் தலையாட்டினார். நான்காமவர், ஐந்தாமவர்... சட்டியோடு அடுத்தவர் முன் நகர்ந்தாள். ஆறாமவர் பருத்த மனிதர், எட்டிப் பார்த்தார்.

"சூரையோ? வைங்கோ, வைங்கோ. அந்த அடிக்குழம்பிலயும் கொஞ்சம்."

சாப்பாடு முடிந்ததும் பியசீலியும் எமலினும் ரத்னபாலவும் தண்ணீர்க் கூஜாவைச் சேர்த்துப் பிடித்துக் கிண்ணத்தில் சாய்த்தார்கள். பிக்குமார் ஓத ஓத, தண்ணீர் கிண்ணத்தில் ஏறி, விளிம்பு தாண்டித் தட்டில் வழிந்தது. செய்த புண்ணியமெல்லாம் போனவரைச் சேரட்டும் என்று மற்றவர்கள் கண்மூடியிருந்தார்கள். பியசீலியின் உதடு அசைந்தது.

"மீன் கிடைச்சிட்டுது. பூனை தொடேல்ல. நீங்க போங்கோ."

"தண்ணி வாக்கேக்க என்னடி கதை?" எமலின் அவள் இடுப்பில் இடித்தாள்.

"எங்கட வீட்டுக் கதை மச்சாள்."

கூஜா காலியான பிறகும் அவள் கை சாய்த்தபடியே இருந்தது. ரத்னபாலதான் மெல்ல நிமிர்த்தினான்.