காக்கை எடுக்காத இட்லி

துணியைத் துவைத்துக் காயப்போட்டுவிட்டு அமலா கூடத்துக்கு வந்தபோது, தட்டு மூடியபடியே இருந்தது. திறந்து பார்த்தாள். வைத்த நான்கு இட்லியும் அப்படியே இருந்தன.

கிருஷ்ணசாமிக்கு இன்சுலின் ஊசி போட்டு முழுசாக ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. ஊசி போட்ட கையோடு சாப்பிட வைக்க வேண்டும். கடைசி வாய் உள்ளே போகும்வரை பக்கத்தை விட்டு நகரக் கூடாது. வயதானவர்களை வீட்டிலேயே பார்த்துக்கொள்ளும் வேலைக்கு அவளை எடுத்தவர்கள் முதல் நாள் சொல்லிக்கொடுத்த பாடமே அதுதான். திண்டிவனத்தில் இந்த வீட்டுக்கு வந்து இன்று மூன்றாம் நாள். "வெச்சுட்டுப் போம்மா, நான் சாப்ட்டுக்கறேன்" என்று அவர் சொன்னதும் நல்ல பிள்ளையாகத் தலையாட்டிவிட்டுப் போனாள். கெட்டிக்காரி! தும்பை விட்டுவிட்டு இப்போது வாலைப் பிடிக்க வந்து நிற்கிறாள்.

"ஐயா, ஏன் சாப்பிடல?"

விடியும்போதே தலைக்கு ஊற்றச் சொல்லி, வெள்ளை வேட்டி கட்டி, நெற்றி நிறைய விபூதி பூசி உட்கார்ந்த மனிதர். அந்த விபூதி இப்போது வியர்வையில் கரைந்து புருவத்தில் வழிந்தது. கை நடுங்கியது.

"நீ யாரு?" என்றார்.

விரலில் குத்திச் சர்க்கரை அளவைப் பார்த்தாள். நாற்பத்தாறு. இன்னும் இறங்கினால் நினைவு தப்பும், அப்புறம் உயிரே போகும். சர்க்கரையைத் தண்ணீரில் கலக்கி ஓடி வந்தாள். அவர் பல்லைக் கடித்துக்கொண்டு டம்ளரைத் தட்டிவிட்டார். மல்லாட்டை மண்டியில் நாற்பது வருஷம் வேர்க்கடலை மூட்டை தூக்கிய கை அது.

"காக்கா எடுக்கல. ஜெயம் பட்டினியா கெடக்கறா. நான் குடிக்கறதா?"

சுவரில் மாலை போட்ட படத்திலிருந்து அவர் மனைவி ஜெயம் பார்த்துக்கொண்டிருந்தாள். அமலா ஆம்புலன்ஸைக் கூப்பிட்டாள், வர இருபது நிமிஷம் ஆகும் என்றார்கள். விழுப்புரத்தில் இருக்கும் மகள் கலைப்பிரியாவுக்குப் போன் போட்டாள்.

"ஐயோ, இன்னிக்கு அமாவாசை! அம்மாவுக்குப் படைச்சு, காக்கா எடுத்தப்புறந்தான் அப்பா பச்சத்தண்ணியே குடிப்பாரு. ஊசியும் அப்புறந்தான் போடுவோம். ஒங்கிட்ட சொல்ல மறந்துட்டேன் அமலா! படைக்கத்தான் வந்துக்கினு இருக்கேன். முண்டியம்பாக்கத்தாண்ட பஸ்ஸு அரை மணியா நிக்குது. எப்பிடியாவது குடிக்க வெச்சுடும்மா!"

எந்தச் சோப்பு, தலையணை எந்தப் பக்கம், காபி எவ்வளவு சூடு என்று அப்பாவைப் பற்றி இரண்டு பக்கம் எழுதிக் கொடுத்தவள்தான் கலைப்பிரியா. அமாவாசை மட்டும் அதில் இல்லை. அமலா வீட்டு நாட்காட்டியிலோ ஞாயிற்றுக்கிழமைதான் பெரிய நாள்.

ஓர் இட்லியை எடுத்துக்கொண்டு மாடிக்கு ஓடினாள். பிட்டுக் கைப்பிடிச் சுவரில் வைத்து, "கா... கா..." என்று கத்தினாள். பிறந்ததிலிருந்து காக்கையைக் கூப்பிட்டுப் பழக்கமில்லாததால், குரல் பயத்தில் பாதி அழுகையாக வந்தது. பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டிமேல் ஒரு காக்கை இருந்தது. தலையைச் சாய்த்துப் பார்த்தது. பாழாய்ப் போனது, எதிர்ப்பக்கம் பறந்துவிட்டது. கழுத்துச் சிலுவையை இறுகப் பிடித்துக்கொண்டு அவள் கீழே ஓடி வந்தாள்.

"ஐயா, காக்கா எடுத்துடுச்சு!"

சொருகிய கண்கள் மெல்லத் திறந்தன. "நெசமாவா?"

"பெரிய துண்டா கொத்திக்கினு போச்சு. குடிங்க ஐயா."

வாய் திறந்தது. மறுபடி கலக்கி வந்த சர்க்கரைத் தண்ணீரை ஒவ்வொரு மடக்காக ஊட்டினாள். ஒவ்வொரு மடக்குக்கும் தொண்டை அசைகிறதா என்று பார்த்தாள். கால் மணி நேரம் கழித்து மறுபடி குத்திப் பார்த்தபோது எண்பத்திரண்டு. அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. ஆம்புலன்ஸில் வந்தவர்களும் பார்த்துவிட்டு, உடனே இட்லி கொடுக்கச் சொல்லிவிட்டுப் போனார்கள்.

தட்டை அவர் மடியில் வைத்தபோது அவளுக்கு இன்னொரு பயம் பிடித்துக்கொண்டது. செத்துப்போனவள் பேரில் பொய் சொல்லியாயிற்று. மகள் வந்து மாடிக்குப் போனால் தெரிந்துவிடும். வேலை போனாலும் போகட்டும் என்று வாயைத் திறந்தாள்.

"ஐயா, காக்கா எடுக்கல. நான் பொய் சொன்னேன். மன்னிச்சுடுங்க."

கிருஷ்ணசாமி சுவரிலிருந்த படத்தை நிமிர்ந்து பார்த்தார்.

"சக்கர வந்ததுலேர்ந்து அவளும் இதேதான் பண்ணுவா. எங்கப்பாவுக்குப் படைக்கற அன்னிக்கு மாடிக்குப் போனா, பத்து எண்றதுக்குள்ள எறங்கி வந்துடுவா. 'எடுத்துடுச்சு, சாப்ட வாங்க'ம்பா. காக்கா அவ்ளோ ஜல்தியாவா வரும்? பதினாறு வருசம் நானும் கேட்டதில்ல." இட்லியைப் பிட்டார். "நீ ஓடியாந்து சொன்னியே, அவதான் எறங்கி வந்துட்டான்னு நெனச்சேன்."

அமலாவுக்கு அப்போதுதான் அழுகை வந்தது. துடைத்துக்கொண்டு ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். மூன்றாவது இட்லியின் கடைசி வாய் உள்ளே போகும்வரை அவர் பக்கத்தை விட்டு நகரவில்லை.